பிஸ்கட்டும் பண்டமாகும்!

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?” என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. கேக் என்றதும் மின்அடுப்பு எங்கே, முட்டை எங்கே, வெண்ணெய் எங்கே என்று தேடும் நமக்கு, அடுக்களை அலமாரியின் டப்பாவில் கிடக்கும் பிஸ்கட் கண்ணில் படுவதே இல்லை. தேநீரில் தோய்த்துத் தின்பதற்கும், காய்ச்சல் கண்டவருக்குக் கொடுப்பதற்கும் மட்டுமே அது பிறந்தது என்பது நம் எண்ணம். அந்த எளிய பிஸ்கட்டைக் கொண்டு நாங்கள் செய்த பண்டங்களையும், அவற்றால் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தையும் இம்மலரின் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் பிஸ்கட்டின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ‘இருமுறை சுட்டது’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிஸ்கட் என்ற பெயர் வந்தது. ஈரம் முழுவதும் போகுமாறு சுடப்பட்டதால் அது நெடுநாள் கெடாமல் இருந்தது. மாதக்கணக்கில் கடலில் சென்ற மாலுமிகளுக்கு அதுவே உணவாயிற்று. கல்லைப்போன்ற அந்தப் பிஸ்கட்டை நீரிலோ கஞ்சியிலோ ஊறவைத்துத்தான் அவர்கள் உண்டார்கள். எனவே பிஸ்கட்டை நனைத்துத் தின்பது நாம் கண்டுபிடித்த வழக்கமன்று. அது பிஸ்கட் பிறந்தபோதே உடன் பிறந்தது!

நம் வீடுகளில் காணும் மேரி பிஸ்கட், அன்னை மரியாவின் பெயரால் வந்தது என்று சொல்வோர் உண்டு. உண்மையில் 1874-ஆம் ஆண்டு இரஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவுக்கும் விக்டோரியா மகாராணியாரின் இரண்டாவது மகனாகிய ஆல்ஃபிரட் இளவரசருக்கும் நடந்த திருமணத்தின் நினைவாக, இலண்டனில் இருந்த பீக் ஃபிரீன் என்னும் நிறுவனம் அதனைச் செய்து மணமகளின் பெயரைச் சூட்டியது. அரண்மனைத் திருமணத்தில் பெயர் பெற்ற பிஸ்கட் இன்று பெட்டிக்கடைக் கண்ணாடிச் சாடியிலும் இருக்கிறது.

பிஸ்கட்டைக் கேக்காக மாற்றும் கலையும் பல நாடுகளில் உண்டு. போர்ச்சுக்கல் நாட்டில் மேரி பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து, இடையிடையே வெண்ணெய்க் குழம்பைத் தடவி அடுக்குகிறார்கள். இத்தாலியர் பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் கலந்து உருளையாகத் திரட்டி வட்டவட்டமாக வெட்டுகிறார்கள். ஜெர்மானியர் தேங்காய்க் கொழுப்பும் கொக்கோவும் கலந்த பாகைப் பிஸ்கட்டுகளின் இடையே ஊற்றிக் குளிரவைக்கிறார்கள். அதன் பெயர் ‘குளிர்ந்த நாய்’ என்பதாகும்! பெயரைக் கேட்டு நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். இலங்கையிலோ பிஸ்கட் புட்டிங் என்றால் விருந்துக்கு வந்தவர் எழுந்து போகமாட்டாராம். 2011-இல் இங்கிலாந்தின் வில்லியம் இளவரசர் தம் திருமணத்திற்கு விரும்பிக் கேட்டதும் சாக்லேட் பிஸ்கட் கேக்தான். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்து கடைகள் அடைத்துக் கிடந்தபோது, எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் குளுக்கோஸ் பிஸ்கட் கேக் கைகொடுத்தது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். எங்கள் ஊராகிய தூத்துக்குடி மக்ரூனுக்குப் பேர்போனது. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பருப்புத் தூளைக் கலந்து சுடும் அந்த இனிப்பை வெளியூர்க்காரர் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்வர். அப்படிப்பட்ட ஊரில் பிஸ்கட்டைப் பொடித்துக் கேக் செய்யப்போகிறோம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்புக்கு முன், பத்தாம் வகுப்பு மாணவியர் அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்குச் சென்று பாட்டுப்பாடி, இனிப்பு வழங்கி வருவது எங்கள் பள்ளியின் வழக்கம். அங்கே 38 பேர் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் சேர்ந்த தொகை 900 ரூபாய். வழக்கம்போல் பிளம் கேக் வாங்கிவிடலாம் என்றே பலரும் கூறினோம். அப்போது இல்லத்தின் செவிலியச் சகோதரி எங்களிடம் ஒன்று சொன்னார்: “பிள்ளைகளே, கேக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இங்கே பாதிப் பேருக்குப் பல் இல்லை. துண்டை வாங்கிக் கும்பிட்டுவிட்டு, பிறகு முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். மறுநாள் எறும்பு மொய்த்தபின்தான் எங்களுக்கே தெரியும்.”

அவ்வார்த்தைகள் எங்கள் நெஞ்சில் தைத்தன. கொடுத்தவரும் மகிழ்ந்தார், வாங்கியவரும் நன்றி சொன்னார். ஆனால் பண்டம் மட்டும் வாய்க்குள் போகவில்லை! மெல்லாமல் விழுங்கக்கூடிய இனிப்பைச் செய்வோம் என்று ஒருத்தி சொல்ல, பிஸ்கட் புட்டிங் செய்யலாம் என்று இன்னொருத்தி சொன்னாள். உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “முதியோர் என்றால் மலிவானதைக் கொடுப்பதா? நம் வீட்டு விருந்தாளிக்கு இதை வைப்போமா?” என்று ஒரு பக்கம் கேட்டது. “விலை உயர்ந்தது என்பதற்காக, உண்ண முடியாததைக் கொடுப்பதா?” என்று மறுபக்கம் கேட்டது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. வகுப்பாசிரியை சகோதரி தீர்ப்புச் சொல்லவில்லை. “முதலில் செய்து, நீங்களே உண்டு பாருங்கள். உங்கள் வீட்டு விருந்தாளிக்கு வைக்கலாம் என்று தோன்றினால் கொண்டுபோங்கள்” என்றார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை விடுதிச் சமையலறையில் சோதனை தொடங்கியது. சமையல் அக்கா எங்களுக்குத் தலைமை தாங்கினார்.

முதலாவது, குளுக்கோஸ் பிஸ்கட் கேக். கால் கிலோ பிஸ்கட்டை நொறுக்கி மாவாகப் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்து, சுமார் 300 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைத்தோம். பழைய கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி வைத்திருந்தோம். எல்லாம் ஆயத்தமான பிறகே ஐந்து கிராம் ஈனோ உப்பைக் கலந்து, நெய் தடவிய தட்டில் ஊற்றி உள்ளே வைத்தோம். அதில் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உண்டு. ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயு கிளம்புகிறது. காலம் தாழ்த்தினால் வாயு ஓடிவிடும், கேக் எழும்பாது. அறிவியல் பாடத்தில் படித்தது அடுப்படியில் நுரைத்துப் பொங்கியதைக் கண்டு நாங்கள் கைதட்டினோம்! மெல்லிய தீயில் 40 நிமிடம் வெந்தபின் ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தோம். மாவு ஒட்டாமல் வந்தது. பிஸ்கட்டின் மாவு முன்பே ஒருமுறை வெந்துவிட்டதால், கடைக் கேக்போல் அது உயர்ந்து எழும்புவதில்லை. ஆனால் மணமும் சுவையும் குறைவில்லை.

இரண்டாவது, எங்கள் முதன்மைப் பண்டமாகிய புட்டிங். ஒரு லிட்டர் பாலில் சிறிதளவைக் குளிர்ந்த நிலையிலேயே எடுத்து, ஆறு மேசைக்கரண்டி கஸ்டர்டு தூளை அதில் கரைத்துக்கொண்டோம். கொதிக்கும் பாலில் தூளை நேரே கொட்டினால் கட்டிதட்டிவிடும். மீதிப் பாலில் எட்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறினோம். மேரி பிஸ்கட்டுகளை இளஞ்சூடான காப்பியில் நனைத்து வரிசையாக அடுக்கி, அதன்மேல் கஸ்டர்டு, மீண்டும் பிஸ்கட், மீண்டும் கஸ்டர்டு என்று நான்கு அடுக்கு வைத்தோம். ஆறியபின் குளிர்பெட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் பிஸ்கட் ஊறிப் பஞ்சுபோல் ஆகிவிடும். இந்த அளவு பத்துப் பேருக்குக் காணும்.

இந்தக் கஸ்டர்டு தூளுக்கும் ஓர் அழகிய வரலாறு உண்டு. 1837-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்னும் மருந்து வணிகர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக, முட்டையே இல்லாமல் சோளமாவினால் கஸ்டர்டு செய்தார். உண்ண முடியாத ஒருவருக்காகப் பிறந்த பண்டம் உலகெங்கும் பரவிவிட்டது. இதைச் சகோதரி சொன்னபோது, எதிர்ப்பக்கத்தில் இருந்த தோழியரும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டனர்.

மூன்றாவது, அடுப்பே வேண்டாத சாக்லேட் உருளை. மேரி பிஸ்கட் பொடி 200 கிராம், கொக்கோ மூன்று மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, சிறிது வெண்ணெய் ஆகியவற்றைப் பால் தெளித்துச் சப்பாத்தி மாவுபோல் பிசைய வேண்டும். அதனை எண்ணெய்த்தாள்மேல் விரித்து, உலர்ந்த தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் நெய்யும் கலந்த பூரணத்தைப் பரப்பி, பாய்போல் சுருட்டி ஒரு மணி நேரம் குளிரவைத்து வெட்டவேண்டும். இதனை இல்லத்தில் இரவுபகலாக உழைக்கும் அக்காமாருக்கென்று செய்தோம். பண்டிகை நாளில் பரிமாறிக்கொண்டே இருக்கும் அவர்களுக்குப் பரிமாறுவார் யார்?

செவிலியச் சகோதரியிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் காட்டினோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியே சர்க்கரை சேர்க்காமல் செய்யட்டுமா என்று கேட்டோம். “பிஸ்கட்டிலேயே சர்க்கரையும் மைதாவும் இருக்கின்றனவே! மேலே போடாததால் மட்டும் அது பத்தியம் ஆகிவிடாது” என்று விளக்கி, யாருக்கு எவ்வளவு என்று அவரே குறித்துக் கொடுத்தார். பால் பண்டமாதலால் அன்றே உண்டுவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்.

அந்த நாளும் வந்தது. பாட்டு முடிந்ததும் கிண்ணங்களை நீட்டினோம். அங்கிருந்த தாத்தா ஒருவர் நாற்பது ஆண்டுகள் பேக்கரியில் வேலை பார்த்தவர். ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடி, “இது கேக்கு இல்லம்மா” என்றார். எங்கள் முகங்கள் வாடின. அவரோ சிரித்துக்கொண்டே, “ஆனா எனக்குக் கேக்கு வேண்டாம். இதுதான் உள்ள இறங்குது. காப்பியில ஒரு மூச்சு நேரம் முக்குனாப் போதும் மக்களே, ரொம்ப ஊறிட்டா அடுக்கு நிக்காது” என்று பாடமும் சொல்லிக்கொடுத்தார். அடுத்திருந்த பாட்டி பேசவே இல்லை. கிண்ணத்தைக் கரண்டியால் வழித்து வழித்து உண்டார். நாங்கள் திரும்புகையில் அவர் முந்தானையைப் பார்த்தோம். அதில் முடிச்சு எதுவும் இல்லை.

தோழியரே, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டுவந்த சிறுவனிடம் இருந்தது பெரும்பொருள் அன்று. பசித்தவர்க்குப் பயன்பட்ட பொருள். கொடைக்கு அழகு அதன் விலையில் இல்லை. பெறுபவரின் தேவையை அறிவதில் இருக்கிறது. விடுமுறையில் நீங்களும் இந்தப் பண்டங்களைச் செய்து பாருங்கள். அடுப்பு மூட்டும்போது அம்மாவோ அக்காவோ உடன் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன், “உங்களுக்கு எது சாப்பிட முடியும், பாட்டி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.