மணல் விண்ணப்பம்

கடலோரத்தில் குடியிருக்கும் நண்பர் சிலர், அலை கரையை அரித்துத் தம் வாயிலை நெருங்கிவிட்டதென்றும், புதுமணல் கொட்டுமாறு சர்க்காருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பமொன்று எழுதித் தரவேண்டுமென்றும் எம்மைக் கேட்டனர். தோட்டத்துக் கிராணியாகிய எமக்கு அஃது ஒரு மணி நேர வேலை, எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பின்னரே, அமெரிக்காவில் சான் டியாகோ வட்டாரத்து 8 கடற்கரைகளைப் பற்றி 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றைப் படிக்க நேர்ந்தது. 2012-இல் கடலடியிலிருந்து மணலை எடுத்து அங்கே கொட்டியிருக்கின்றனர். கரைமணலுக்குள் வாழும் சிற்றுயிர்கள் ஏறக்குறைய எல்லாமே உடனே அருகிப்போயின. சிறு சிப்பிகள் ஓராண்டுக்குள் மீண்டன. கணக்கு நேராயிற்றென்று மகிழ்ந்து ஏட்டை மூடப் போனோம். செக்ரோலில் முதற் பக்கத்தைப் பார்த்தே திருப்தியடையும் கெட்ட வழக்கம் எமக்குண்டு! புழுக்களோ 15 மாதமாகியும் மீளவில்லை. மொத்த உயிர்த்தொகை, மணல் கொட்டாத பகுதியிற் கண்டதில் பாதிக்கும் குறைவு. அலை பின்வாங்குந்தோறும் ஓடிவந்து ஈரமணலைக் கொத்தும் பறவைகளுக்கு அவையன்றோ உணவு!

அதற்காக நண்பர் வீட்டைக் கடலுக்கு விட்டுவிடுவதா? விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி இரண்டு வரி சேர்த்தோம்: கொட்டும் மணல் அக்கரை மணலை ஒத்திருத்தல் வேண்டும், உயிர்கள் மீண்டும் பரவுதற்கு இடையிடையே சில பகுதிகளைத் தொடாது விடுதல் வேண்டும்.

“புழுவுக்காகவா, கிராணியாரே?” என்றார் நண்பர்.

ஆமென்றோம். அரைமனத்துடன் கையெழுத்திட்டார்.