இறங்கும் ஊர்

நான் இருக்கும் கலிபோர்னியா டப்ளினில், பார்ட் ரயிலுக்குள் ஒன்றும் சாப்பிடக்கூடாது. பரிசில் கதை வேறு. கார் து லியோன் ரயில் நிலையத்துக்குள்ளேயே 1901இல் திறந்த ‘லு த்ரான் ப்ளூ’ உணவகம் இருக்கிறது. தங்கப்பூச்சுக் கூரை, 41 ஓவியங்கள். அதிகமானவை மார்செய், நீஸ், மொனாக்கோ என்று அங்கிருந்து ரயில் போகும் ஊர்கள்.

பரிஸ் குசினிகளில் கோப்பை கழுவிய மச்சானைக் கூட்டிப்போனேன். அண்ணாந்து பார்த்தபடி சொன்னான்: “ஏறுறதுக்கு முன்னமே இறங்கிற ஊரைக் காட்டுறாங்கள், என்ன?”

எங்கட யாழ்தேவி 1990இல் நின்றது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப 2014 ஆனது. அதற்கிடையில் வெளிக்கிட்ட எங்களுக்கு இறங்கும் ஊர் தெரியாது.

அந்த வடிவான மண்டபத்தில் இருந்து நாங்கள் கதைத்ததெல்லாம் கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி ஸ்டேசன்களைப் பற்றித்தான். கீற எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லியாவது வைக்கவேணும், கண்டியளோ.