உச்சியில் இரண்டு கையும் வேண்டும்

உடன்குடி வட்டாரத்துப் பனை விளைகளில் காலையில் போய் நின்றால் முதலில் கண்ணை இழுப்பது ஏற்றம்தான். பாதங்களில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மரத்தை அணைத்து, உடம்பைச் சுருக்கி நீட்டி, பனையேறி மேலே போகப் போகக் கீழே நிற்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மட்டைகளுக்குள் ஆள் மறைந்து, அரிவாள் பாளையில் உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிற நேரம்தான் நீளமானது. கலயத்தைக் கழற்ற வேண்டும், சேர்ந்த பதநீரைக் குடுவையில் ஊற்ற வேண்டும், பாளை நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மறுபடி மாட்ட வேண்டும். எதுவும் ஒற்றைக் கையால் ஆகிற வேலை இல்லை. பனையேறிகளின் பாதுகாப்பு என்று நாம் பேசுவதெல்லாம் எப்படி ஏறுவது என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஏறிய ஆள் மேலே எதைப் பிடித்து நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

அவர் கையில் இருக்கும் கருவிகளையே பாருங்கள். தளைநார் இரண்டு பாதங்களையும் விலகவிடாமல் பிணைத்து, உள்ளங்கால்கள் மரத்தை இருபுறமும் கவ்வ உதவுகிறது. நெஞ்சில் கட்டும் தோல் சிராய்ப்பைத் தடுக்கிறது. மரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி, பருத்த அடிமரத்தைக் கடக்கக் கைகொடுக்கிறது. எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தேறிவந்த கருவிகள், குறை சொல்ல நான் யார்? ஆனால் இவற்றில் ஒன்றுகூட, கை இரண்டும் மரத்தை விட்ட பிறகு ஆளைத் தாங்குவது இல்லை. உச்சியில் அவரைத் தாங்குவது மட்டை, முழங்கால் மடிப்பு, பழக்கம். இவற்றில் மட்டையை நம்ப முடியாது. பச்சை மட்டை ஆளைச் சுமக்கும். காய்ந்தது எப்போது கழன்று வரும் என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது.

இந்த இடைவெளியை அடைக்கும் கருவி புதிதல்ல. தெலங்கானாவின் கள் இறக்குபவர்கள் முதுகையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றிவரும் தடித்த கயிற்றை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். மோக்கு என்று அதற்குப் பெயர். மேல்நாட்டில் மரம் ஏறிக் கிளை வெட்டுகிறவர்களின் இடுப்புப் பட்டையில் இரு பக்கமும் கொக்கி மாட்டும் கயிறும் செய்வது இதே வேலைதான். கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்றுதான் பயிற்சி இல்லாதவருக்குத் தோன்றும். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆள், இடுப்பு உயரத்தில் படுக்கைவாட்டாக ஒரு கயிறு என்று வைத்துக்கொள்வோம். உடம்பு 10 பாகை மட்டும் சாய்ந்திருந்தால் பாதம் மரத்தை அழுத்துவது சுமார் 10 கிலோ அளவுக்குத்தான். 30 பாகை சாய்ந்தால் அது சுமார் 35 கிலோ. அழுத்தம் கூடக் கூடப் பாதத்தின் பிடியும் கூடும். மரத்தோடு ஒட்டிக்கொள்கிறவருக்கே கால் வழுக்க வாய்ப்பு அதிகம். கயிறு தொய்ந்தால் இதெல்லாம் போச்சு. இறுக்கமாக இருக்கும் வரைதான் இந்தக் கணக்கு.

இடுப்புக் கயிறு இருந்தால் ஆள் விழவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. மோக்கு கட்டி ஏறுகிற தெலங்கானாவிலும் விழுந்தவர்கள் உண்டு. அங்கே 2024 ஜூலையில், கள் இறக்குபவர்களின் குலதெய்வமான காட்டமய்யாவின் பெயரில், உடம்பு முழுதும் தாங்கும் பட்டையும் கயிறுகளும் கொண்ட பாதுகாப்புத் தொகுப்பை அரசு வழங்கத் தொடங்கியது. காரணம் எளிது. பாதம் வழுக்கிவிட்டால், மரத்தைச் சுற்றி நிற்கும் ஒற்றை வளையம் உராய்வை மட்டும் நம்பித் தொங்க வேண்டும். ஆளோடு சேர்ந்து அதுவும் கீழே சறுக்கும். வேலை செய்யும்போது ஆளை நிலைநிறுத்துவதற்கான இ.என் 358 என்ற ஐரோப்பியத் தரவிதி, கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆள் தடையின்றி நகரும் தூரம் 60 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. விழுகிறவரைப் பிடித்து நிறுத்த வேறொரு பட்டை, வேறொரு கயிறு வேண்டும். நிறுத்தும் கயிறு ஒன்று, பிடிக்கும் கயிறு ஒன்று. மரத்தின் மேல் இயந்திர ரம்பத்தை ஓட்டுகிறவர் இரண்டு விதமாகக் கட்டியிருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரவிதி கேட்பது, ரம்பம் ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காக. பாளை அரிவாள் ரம்பம் இல்லை என்று விட்டுவிட முடியாது, அதன் கூர்மையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உச்சியில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பனைக்கு நடுவில் கிளை கிடையாது என்பதால் கயிற்றைக் கழற்றி மாட்டாமலே உச்சி வரை தள்ளிக்கொண்டு போய்விடலாம். மட்டைகள் தொடங்கியதும் அது நின்றுவிடும். பாளைகள் கொண்டையைச் சுற்றி நாலா பக்கமும் இருப்பதால் பனையேறி சுற்றிவர வேண்டும். அப்போது கயிற்றை மட்டையில் கட்டத் தோன்றும், அதுதான் தப்பு. கட்டவேண்டியது மட்டைக்குக் கீழே, மரத்தில். அங்கிருந்து மேலே வரும் கயிறு மட்டை விளிம்பின் கருக்கில் உரசுகிறது. பனங்கருக்கு ரம்பப் பல் மாதிரி. நைலான் கயிறு அதில் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்குப் பக்கத்திலேயே அரிவாள் வேறு. கம்பி உள்ளோடிய கயிற்றை மேல்நாட்டுக் கிளைவெட்டிகள் சிலர் பயன்படுத்துவது இந்த வெட்டுக்குப் பயந்துதான். கடையில் கிடைக்கும் கட்டடவேலை பெல்ட்டை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர்கள் கருக்கைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உச்சியில் கயிறு வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவது முதலில் இயந்திரம். கண்ணூர் மாவட்டச் செம்பேரியின் ஜோசப் என்பவர் செய்த தென்னை ஏறும் கருவி பேர்போனது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய தென்னையின் தோழர்கள் திட்டத்தில் பலர் கருவியால் ஏறக் கற்றார்கள். தென்னைக்கு அது சரி. பனைக்கு அடிமரம் பருத்து மேலே சிறுக்கும், மரத்துக்கு மரம் சுற்றளவும் மாறும், வளையத்தைத் திருத்திக்கொண்டே ஏற வேண்டும். அதை ஒருவர் சரிசெய்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கருவி ஆளை உச்சிக்குக் கொண்டுபோய்விடும். கருவியை விட்டு மட்டைக்குள் நுழைந்தபின் அவர் பழைய பனையேறிதான்.

இரண்டாவது எதிர்ப்புக்குப் பலம் அதிகம். ஒரு நாளைக்கு 30 மரம், இரண்டு வேளை என்றால் 60 ஏற்றம். ஒவ்வொன்றிலும் கட்டி அவிழ்க்க ஒரு நிமிடம் கூடினால் ஒரு மணி நேரம் போய்விடும். வெயில் ஏறினால் பதநீர் புளிக்கத் தொடங்கும், பதநீர் காய்ச்சும் விடிலியில் அடுப்பு மூட்டிக் காத்திருக்கும் மனைவியின் வேலையும் தள்ளிப்போகும். இறக்கிய பதநீருக்குத்தான் வரும்படி, பத்திரமாக நின்ற நிமிடங்களுக்கு இல்லை. இதை அலட்சியம் என்று பட்டணத்துக்காரர்கள் சொல்வது அநியாயம். ஆனால் நேரம் போகும் இடம் மரத்தைச் சுற்றிக் கட்டுவதில்தான். அந்த வளையத்தை மரத்திலேயே விட்டுவிட்டால் கொக்கியை மாட்டும் நேரம்தான் ஆகும். ஒவ்வொரு மரத்திலும் மட்டைக்குக் கீழே ஒரு வளையத்தைப் பருவம் தொடங்கும்போது போட்டுப் பருவம் முடிந்ததும் கழற்றலாம். முப்பது வளையம், முப்பது கொக்கி. குத்தகைக்கு மரம் ஏறுகிறவர் தலையில் அந்தச் செலவைக் கட்ட முடியாது. விழுந்த பிறகு உதவித்தொகை தரும், பனைத் தொழிலாளர்களுக்கான நல வாரியமே விழுவதற்கு முன் வளையத்துக்குச் செலவு செய்தால் என்ன?

அப்படி வாங்கினாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பருவம் முடிந்து இறங்கும் கயிற்றைக் கையில் உருவிப் பார்த்து, இழை அறுந்ததைத் தனியே எடுக்க வேண்டும். அது மாட்டைக் கட்டப் போகலாம், கிணற்று வாளிக்குப் போகலாம். அடுத்த பங்குனியில் மறுபடி மரத்தின் மேல் போகாமல் இருக்க, அன்றைக்கே அதன் நுனியில் நாலு விரற்கடை நீளத்தை அறுத்துவிடுவது நல்லது.