வெட்டாமல் மாற்ற முடியாதா?

இடுப்பு வலிக்கு வைத்தியம் சொல்லாத மனிதரை வெள்ளவத்தையில் காண்பது அரிது. காலி வீதியில் சற்று நொண்டி நடந்தாற் போதும். ஒருவர் எண்ணெய் சொல்வார். மற்றவர் கஷாயம் சொல்வார். "வெட்ட மட்டும் விடாதையுங்கோ" என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுவர்.

கொவிட் காலத்தில் ஸ்டீரொயிட் மருந்தால் உயிர் மீண்ட என் நண்பரும் இவ்வாறுதான் அலைக்கழிந்தார். தொடையிடுக்கில் தொடங்கிய வலி முழங்காலுக்கு இறங்கவே, முழங்காலுக்குப் பல வாரங்கள் எண்ணெய் பூசினார். எக்ஸ்ரே படத்தில் குறையேதும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான்தான் உண்மையைச் சொன்னது. இடுப்பு மூட்டில் பந்துபோல் பொருந்தியிருக்கும் தொடை எலும்பின் தலை, இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பட்டுப்போகத் தொடங்கியிருந்தது. நல்லவேளையாக, அதன் உருண்டை வடிவம் இன்னும் சரியவில்லை.

இவர் மட்டுமல்லர். கொவிட்டுக்கு ஸ்டீரொயிட் பெற்ற மூவரின் கதையை மும்பை ஹிந்துஜா மருத்துவமனையின் சஞ்சய் அகர்வாலா குழுவினர் 2021இல் மருத்துவ இதழொன்றில் எழுதினர். வழக்கமாக 6 மாதம் முதல் ஓராண்டில் வெளிப்படும் இந்நோய், அவர்களிடம் சராசரியாக 58 நாட்களில் தலைகாட்டியது. ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட்டதால், எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கப்படும் பிஸ்பொஸ்பொனேற் வகை மருந்தே அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

அப்படியானால் மாத்திரை போதுமா? அவ்வகையைச் சேர்ந்த அலென்ட்ரோனேற், எலும்பின் தலை சரிவதைத் தடுப்பதாகத் தாய்வான் ஆய்வொன்று 2005இல் கூறியது. அதே நாட்டில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வோ அத்தகைய பயனைக் காணவில்லை. ஊன்றுகோல் மூட்டின் சுமையைக் குறைக்கும். வலிநிவாரணி வலியை அடக்கும். நோயை இவை நிறுத்திவிடும் என நம்ப இடமில்லை. தலை சரிந்துவிட்டாலோ, இழந்த உருண்டையை எந்த எண்ணெயும் எந்த மாத்திரையும் மீட்டுத் தராது. பலருக்கு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையே எஞ்சும்.

சத்திரசிகிச்சைக்கு அஞ்சி நாட்களைக் கடத்துவோர், அதைத் தவிர்க்கக்கூடிய நாட்களையே இழக்கிறார்கள். ஸ்டீரொயிட் எடுத்தவர்கள், மது அதிகம் அருந்துவோர், இடுப்பில் முறிவு கண்டவர்கள் ஆகியோருக்குத் தொடையிடுக்கு வலி விடாது நீடித்தால், அந்தப் பழைய கதையை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் ஸ்கான் வேண்டுமா எனக் கேளுங்கள். இப்போதும் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்; அது வேறோர் ஆபத்து.