மிதக்கும் மொட்டை மாடி: மினசோட்டா ஏரிகளில் முதல் பாண்டூன் படகு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842 இருக்கின்றன. குளிர்காலத்தில் அவற்றில் பல, மேலே கார் ஓட்டும் அளவுக்கு உறைந்து இறுகிவிடும். பனி உருகி மே மாத வெயில் எட்டிப் பார்த்ததும், கரையெங்கும் வரிசைகட்டி நிற்பவை பாண்டூன் படகுகள். இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், மேலே தட்டையான தளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, சோபா, நிழலுக்கு ஒரு துணிக்கூரை. நம் மொட்டை மாடியைக் கழற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டது போலத்தான்.

இந்தப் படகின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. ரிச்மண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த விவசாயி ஆம்ப்ரோஸ் வீரெஸ், 1950-களின் தொடக்கத்தில் இரும்பு பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் இறக்கினார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்க, அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. இரட்டை உடல் படகுகளை ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பார்கள். அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது.

முதல் படகு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சோபாவின் நிறத்தையும் ஸ்பீக்கரையும் பார்த்து மயங்குகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது ஏரியை. சின்ன, அமைதியான ஏரியில் சாயங்காலம் ஒரு சுற்று வர, 18 முதல் 20 அடி நீளமும் 40 முதல் 60 குதிரைத்திறன் மோட்டாரும் தாராளம். மில் லாக்ஸ் போன்ற ஏரி என்றால் கதையே வேறு. 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தாலும் ஆழம் குறைவு; காற்றடித்தால் சட்டென்று அலை எழும்பிவிடும். அங்கே மூன்று குழாய்கள் கொண்ட படகும் கூடுதல் சக்தியுள்ள மோட்டாரும் வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

பட்ஜெட் இடித்தால் பழைய படகுதான் வழி. அதை வாங்கப் போகிறவர் குனிந்து அடியில் பார்க்கக் கூச்சப்படக் கூடாது. குழாயில் நசுங்கல் இருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா? தளத்தில் நடக்கும்போது கால் அமுங்கினால், கம்பளத்துக்குக் கீழே ப்ளைவுட் உளுத்திருக்கலாம். தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஏரியில் ஓட்டிக் காட்டாத படகுக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எத்தனை பேர், எவ்வளவு எடை என்பது படகில் பதித்த தகட்டில் இருக்கும். ஆள் கணக்கு சரியாக இருந்தாலும், எல்லோரும் போட்டோ எடுக்க முன்பக்கம் கூடினால் மூக்கு தாழ்ந்து, அலை தளத்தில் ஏறிவிடும்.

இதைவிட பயங்கரம், குழந்தைகள் தடுப்புக்கு வெளியே முன்விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுவது. பார்க்க அழகான காட்சி. ஆனால், ஓடும் படகிலிருந்து முன்னால் விழுந்தால், இரண்டு குழாய்களுக்கும் நடுவே போய் மோட்டாரின் சுழலும் விசிறியில்தான் சிக்க நேரும். எனவே, முன்கதவின் தாழ்ப்பாள் இறுக்கமாக விழுகிறதா என்று வாங்கும்போதே ஆட்டிப் பார்க்க வேண்டும். ஓடும் படகில் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிவது இங்கே சட்டம். பாட்டி தாத்தாவுக்கும் அதை மாட்டிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. டிரெய்லர், துறை மேடை, இன்ஷூரன்ஸ் என நீளும். ஏரியைவிட்டுக் கிளம்பும்போது அடைப்பானைக் கழற்றி தண்ணீரை வடிக்க வேண்டும், ஒட்டிய பாசியை அகற்ற வேண்டும். ஸீப்ரா மஸல் என்ற சிறு சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் படகோடு பயணித்துவிடும் என்பதால், இதிலும் சட்டம் கறார்.

அக்டோபர் வந்ததும் படகு கரையேறிவிடும். மோட்டாரில் தண்ணீர் நின்று உறையாமல் வடித்து, வெள்ளை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி, கொல்லைப்புறத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்கு அதன்மேல் பனிதான் உட்கார்ந்திருக்கும்.