ஒரு கீல் வாங்க காரைக்குடி போனேன்!

காரைக்குடின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? செட்டிநாடு சிக்கன், வெள்ளைப் பணியாரம், சினிமால அடிக்கடி வர்ற அரண்மனை மாதிரி வீடு... அப்படித்தானே? எனக்கும் போன மாசம் வரைக்கும் அதேதான். இப்ப யாராவது கேட்டா 'கீல்'னு சொல்வேன். சிரிக்காதீங்க பாஸ். ஜன்னல் கதவை நிலையோட சேர்த்துப் பிடிச்சிட்டு இருக்குமே, அந்தக் கீலேதான்!

கதை இதுதான். எங்க ஊர் அறந்தாங்கி பக்கம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்னிக்கு அப்பத்தா ரூம் ஜன்னலோட மேல் கதவு ரெண்டும் காத்துல அடிச்சு, கீல் முறுக்கிக்கிட்டு பிய்ஞ்சு தொங்கிச்சு. தென்னை மரமெல்லாம் சாய்ஞ்சு கிடக்குறப்ப ஜன்னலைப் பத்தி யார் கவலைப்படுவாங்க? அப்பா ஒரு பலகையை வெச்சு மொத்தமா ஆணி அடிச்சுட்டார், 'தற்காலிகமா'. அந்தத் தற்காலிகம் ஏழு வருஷத்தைத் தாண்டிடுச்சு!

அப்பத்தா திண்ணையிலேயே இருக்கிற ஆளுங்கிறதால அது யாருக்கும் பெரிசாத் தெரியலை. சிக்கல், அவங்க வாசல்ல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டப்புறம்தான். மூணு மாசம் கட்டில்தான்னு டாக்டர் சொல்லிட்டார். பகல்லயும் லைட் போட்டு வெச்ச ரூம்ல, அடைச்ச ஜன்னலுக்குப் பக்கத்துல, சுவரைப் பார்த்துப் படுத்துட்டாங்க. வாய் ஓயாமப் பேசுற மனுஷி. நான் திருச்சியிலேர்ந்து லீவுக்குப் போனப்ப, "சாப்ட்டியாடா?" ஒண்ணுதான் கேட்டாங்க. எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.

"பேத்துட்டு யூ.பி.வி.சி. ஸ்லைடிங் போட்டுறலாம்"னு அப்பா சொன்னார். அப்பத்தா சுவத்தைப் பார்த்துக்கிட்டே, "கீலு போனதுக்கு யாராச்சும் ஜன்னலையே மாத்துவாகளா?"ன்னாங்க. நியாயமான கேள்விதானே?

ஆசாரியைக் கூட்டிட்டு வந்து பலகையைப் பேத்தோம். மரம் சும்மா கின்னுனு இருக்கு. தேக்கு! மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு கதவு வர்ற ஜன்னல். அப்பதான் அப்பா சொன்னார்: 1970-கள்ல தாத்தா வீடு கட்டினப்ப, காரைக்குடிப் பக்கம் பிரிச்ச ஒரு வீட்டு ஜன்னலைத்தான் மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்து வெச்சாராம். கீல் பித்தளையா இருந்ததுக்குக் காரணம் புரிஞ்சுதா?

நான் ஒரு ஹீரோ மாதிரி பைக்கை எடுத்துட்டுப் போய் ஹார்டுவேர் கடையில நாலு இன்ச் கீல் வாங்கிட்டு வந்தேன். நீளம் கரெக்ட். ஆனா தகடு மெலிசு, ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் இடம் மாறி இருக்கு. பழைய ஓட்டைக்கு ஒட்டினாப்புல புது ஓட்டை போட்டா மரம் பிளந்துக்கும், இல்லைன்னா ஸ்க்ரூ பழைய ஓட்டைக்குள்ளயே வழுக்கிட்டுப் போயிடும். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்க தம்பி. கீழ்க்கதவுல நல்லா இருக்கிற கீல் ஒண்ணைக் கழட்டித் தர்றேன், கையில கொண்டுக்கிட்டுப் போங்க"ன்னார்.

இங்க ஒரு டிப்ஸ். போன்ல போட்டோ எடுத்துட்டுப் போறது வேஸ்ட். போட்டோவுல அளவு தெரியாது. பழைய கீலை விரிச்சு ஒரு பேப்பர் மேல வெச்சு, ஓட்டை உட்பட பென்சில்ல வரைஞ்சுக்குங்க. தகட்டோட தடிமனையும் ஸ்கேல் வெச்சுக் குறிச்சுக்குங்க. முடிஞ்சா கீலையே பாக்கெட்ல போட்டுக்குங்க. பஸ்ல உட்காரும்போது குத்தும், பரவாயில்லை!

அறந்தாங்கியில காலையில பஸ் ஏறினேன். (திருச்சியிலேர்ந்து வர்றவங்கன்னா புதுக்கோட்டை, திருமயம் வழி. திருமயம் கோட்டையை ஜன்னல் சீட்லேர்ந்து பார்க்கத் தவறாதீங்க.) இறங்கி விசாரிச்சா, முனீஸ்வரன் கோயில் தெருவை எல்லாரும் கை காட்டுறாங்க.

அந்தத் தெருவை எப்படிச் சொல்றது? உங்க கொள்ளுப்பாட்டி வீட்டுப் பரணைக் கவுத்துக் கொட்டின மாதிரி இருக்கும். எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, நின்னுபோன சுவர்க் கடிகாரம், ரவிவர்மா படம், கண்ணாடி விளக்கு, ஆள் உயரத் தூண். யாரோ ஒரு ஐயாவும் ஆச்சியும் முறைப்பா உட்கார்ந்திருக்கிற கறுப்பு வெள்ளை போட்டோகூட விலைக்கு இருக்கு. அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. அவங்க பேரன் பேத்திங்க எந்த ஊர்ல இருக்காங்களோ!

முதல் ரெண்டு கடையில என்னை டூரிஸ்ட்னு நினைச்சு மரக்குதிரை காட்டினாங்க. மூணாவது கடைப் பெரியவர்கிட்ட பாக்கெட்லேர்ந்து கீலை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "நாலு இன்ச்சு, கனத் தகடு. எத்தனை வேணும்?"னுட்டு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை இழுத்துட்டு வந்தார். உள்ள பார்த்தா கீல், கொக்கி, கொண்டி, தாழ்ப்பாள், குமிழ் கைப்பிடி, சாவி... நூத்துக்கணக்குல!

"ஐயா, இதெல்லாம் எங்கேர்ந்து?"

"பிரிச்ச வீட்டுதுதான் தம்பி."

செட்டிநாட்டு வீடுகள்ல பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டோட நடுவுலேர்ந்து 1940-கள் வரைக்கும் கட்டினது. பர்மா, இலங்கை, மலேயான்னு போய்த் தொழில் பண்ணின நகரத்தார் சம்பாதிச்ச காசு. தேக்கும் பர்மாவிலேர்ந்து கப்பல்ல வந்தது. 1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அந்த வரவு நின்னு போச்சு, 1960-கள்ல அங்க நாட்டுடைமை ஆக்கினதுல மிச்சமும் போச்சு. வீடு மட்டும் நின்னுச்சு. ஆனா ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிங்க, ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நாடு. ஓடு மாத்தணும்னாலே லட்சக்கணக்குல ஆகும், யார் போடுறது? பேசிப் பேசித் தீராம, கடைசியில பிரிச்சு வித்துடுறாங்க. 2014-ல யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம் பிடிச்சது நல்ல விஷயம். ஆனாலும் பெட்டியில சரக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு.

எனக்கு ஒரு உறுத்தல். நாம காசு கொடுக்கிறதாலதான் வீட்டைப் பிரிக்கிறாங்களோ? ரொம்ப நேரம் யோசிச்சேன். கீலுக்காக யாரும் வீட்டை இடிக்க மாட்டாங்க. காசு பார்க்கிறது தூணும் செதுக்கின நிலைக்கதவும்தான். கீல் இன்னொரு ஜன்னலுக்குப் போகலைன்னா உருக்குற உலைக்குத்தான் போகும். அதனால ஓட்டை ஜன்னலுக்குக் கீல் வாங்குங்க, தப்பில்லை. ரூம்ல செல்ஃபி எடுக்கிறதுக்காகத் தூண் வாங்குறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, பெட்டிக்குள்ள எப்படித் தேடுறது? ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கிற காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. தகட்டுல ஒட்டிச்சுன்னா அது இரும்புக்கு மேல பித்தளை முலாம். (நடுவுல இருக்கிற ஊசி இரும்பா இருக்கலாம், அதுல ஒட்டினா பயப்படாதீங்க.) அடுத்து, ஒரு பக்கத் தகட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை மேலும் கீழும் ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினா ஊசி தேய்ஞ்சிருக்கு. அதை மாட்டினா கதவு தொங்கி, அடியில உரசும். பழைய பெயின்டையும் பச்சைக் களிம்பையும் பார்த்து ஒதுக்காதீங்க, களிம்பு புளி போட்டுத் தேய்ச்சாப் போயிடும்.

ஒரு மணி நேரம் கிண்டினதுல மூணு கீல் அச்சு அசலாக் கிடைச்சுது. நாலாவது மட்டும் கிடைக்கலை. ஓட்டை எல்லாம் ஒத்து வருது, தகடு கொஞ்சம் மெலிசு. பெரியவரே, "அட்டை வெச்சுக்கலாம், உங்க ஆசாரிக்குத் தெரியும்"ன்னார். கொக்கி ரெண்டு, கொண்டி ஒண்ணு சேர்த்து 1,500 ரூபாய்னு ஆரம்பிச்சார். நான் காலேஜ் பையன்னு ஆரம்பிச்சேன். அப்பத்தா கதையைச் சொன்னேன். 1,000 ரூபாய்ல முடிஞ்சுது. கூடவே ஒரு கைப்பிடி பித்தளை ஸ்க்ரூவை அள்ளிக் காகிதத்துல மடிச்சுக் கொடுத்து, "இரும்பு ஸ்க்ரூ போட்றாதீங்க, கடலோரக் காத்துக்குத் துரு ஏறி அதுவும் போகும், மரத்தையும் கறை ஆக்கும்"ன்னார்.

மறுநாள் ஆசாரி செஞ்ச வேலையைப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். பெருத்துப் போன ஓட்டைக்குள்ள மூங்கில் குச்சியைச் சீவி, பசை தடவி அடிச்சு, காயவிட்டு மட்டமா நறுக்கினார். பித்தளை ஸ்க்ரூ மெதுவானது, நேராத் திருகினா தலை முறிஞ்சுடும். அதனால முதல்ல அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏத்தி, மரத்துல தடம் பண்ணிட்டுக் கழட்டினார். அப்புறம் பித்தளை ஸ்க்ரூவை மெழுகுவத்தியில தேய்ச்சுத் திருகினார். வெண்ணெய் மாதிரி இறங்குது! மெலிசுக் கீலுக்கு அடியில பழைய காலண்டர் அட்டையை நறுக்கி வெச்சார். இறுகிப்போன கீழ்க்கதவுக் கீல்களுக்கு மண்ணெண்ணெய். நான் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து நீட்டினேன். "அது தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிடும் தம்பி"ன்னு ஒதுக்கி வெச்சுட்டார். ஹீரோவுக்கு மறுபடியும் பல்பு!

சாயங்காலம் நாலரை மணிக்கு நாலு கதவையும் திறந்து, காத்துல அடிக்காம இருக்கக் கொக்கி மாட்டினோம். வெயில் நேரா அப்பத்தா கட்டில்ல விழுந்துச்சு. அவங்க கண்ணைச் சுருக்கிக்கிட்டு மெதுவா இந்தப் பக்கம் திரும்பினாங்க. தெருவையே பார்த்துட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசலை. அப்பா என்னைப் பார்த்தார், நான் ஆசாரியைப் பார்த்தேன்.

தலையில புல்லுக்கட்டோட ஒரு அக்கா தெருவுல நடந்து போனாங்க. அவ்வளவுதான்... அப்பத்தா முழங்கையை ஊன்றி எழுந்து, தெருவே அதிர்ற மாதிரி ஒரு குரல் கொடுத்தாங்க:

"ஏய் செல்வி! நில்லுடீ! பொங்கலுக்கு வாங்கிட்டுப் போன பித்தளை அண்டாவ எப்படீ கொண்டாருவ?"