நன்றிக்கு ஒரு விருது

3 மார்ச் 2024, ஞாயிறு, சிட்னி

மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் மகன் பெட்ரோல் போட நிறுத்தினான். பலகையில் ‘ஆம்போல்’. எங்கோ படித்த பெயர். சந்நிதியில் நின்றபோதும் அதே நினைப்பு, முருகன் மன்னிக்கட்டும். ராத்திரி படுத்த பிறகுதான் பிடிபட்டது: வாக்லி விருது. இந்த நாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு அதற்கு மேல் ஒன்று கிடையாது. அதை வைத்த வில்லியம் வாக்லிதான் ஆம்போலை உருவாக்கியவர்.

5 மார்ச், செவ்வாய்

நூலகத்தில் பாதி நாள். எண்ணெய் தேடிய காலத்தில் பத்திரிகைகள் கைகொடுத்தன என்ற நன்றியில் 1956-இல் விருதை ஏற்படுத்தினாராம். முதலில் 5 பிரிவுகள்.

அந்த ‘நன்றி’தான் உறுத்துகிறது. 1953 டிசம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ரஃப் ரேஞ்சில் எண்ணெய் கிடைத்தது. தேடலில் ஆம்போலுக்கும் பங்கு உண்டு. எண்ணெய்ப் பங்குகளின் விலை எகிறியது. அடுத்தடுத்துத் தோண்டிய கிணறுகள் கையை விரித்தன. இப்படிப்பட்ட நேரத்தில் துருவித் துருவிக் கேட்பதுதானே நிருபர் வேலை? முதலாளி வந்து நன்றி சொன்னால் எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார் என்பார் எங்கள் பழைய செய்தி ஆசிரியர்.

6 மார்ச், புதன்

மருமகளிடம் சொன்னேன். “யார் பணமா இருந்தா என்ன மாமா, நல்ல செய்திக்குத்தானே குடுக்கிறாங்க?”

அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தங்க வாக்லி என்று 1978-இல் முதன்முதலாகக் கொடுத்தபோது, வாங்கியவர் ‘தி வெஸ்ட் ஆஸ்திரேலியன்’ நிருபர் கேத்தரின் மார்ட்டின். விட்டனூமில் நீலக் கல்நார் தோண்டிய தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டுச் செத்ததை எழுதியவர். சுரங்கம் நடத்தியது சி.எஸ்.ஆர். என்ற பெரிய சர்க்கரைக் கம்பெனியின் கிளை.

“அது சர்க்கரைக் கம்பெனிம்மா, எண்ணெய்க் கம்பெனி இல்லையே” என்று முனகினேன். அற்பமான பதில்தான். புலிட்சரை இழுத்தேன். 1898-இல் ஸ்பெயினோடு போர் மூளப் பரபரப்புச் செய்திகளால் விசிறிவிட்ட பத்திரிகை முதலாளி, 1911-இல் செத்தார். அவர் உயிலில் எழுதிவைத்த பணத்தில் 1917 முதல் நல்ல பத்திரிகைக்குப் பரிசு! அவள் சிரித்துவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

9 மார்ச், சனி

போன வருஷம் இங்கே கார்ட்டூனிஸ்டுகள் பலர் வாக்லிக்குப் படம் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். பூமி சூடேறுவதைப் பற்றி வரைந்துவிட்டு எண்ணெய்க் கம்பெனி ஆதரவில் பரிசு வாங்க முடியாதென்று. மகன் “ஸ்பான்சர் ஒருத்தரும் நடுவர்களுக்கு போன் போடறதில்லப்பா” என்றான். போட்டிருக்க மாட்டார்கள்தான். எனக்கும் யாரும் போடவில்லையே.

1994-இல் ஓர் உரக் கம்பெனி, சிறந்த வேளாண் கட்டுரைக்கென்று எனக்கு ஒரு கேடயமும் 5,000 ரூபாயும் கொடுத்தது. மறுவருஷம் அந்த ஆலைக்குப் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. “பார்க்கிறேங்க” என்றேன். பாட்டில் என் மேசைக்கடியில் 4 மாதம் கிடந்தது. ஒருநாள் ஆபீஸ் கூட்டுகிற அம்மா, “இது வேணுமா சார்?” என்று கேட்டுவிட்டு எடுத்துப்போய்க் கொட்டினார்.